பேச்சு வராதவர் கையில் தமிழ்99: கவிதைக் கருவியாக ஒரு மதிப்பீடு

தண்ணீர் வேண்டும், வயிறு வலிக்கிறது என்று சொல்ல உதவும் கருவிக்கு வேகம்தான் முக்கியம். கவிதைக்கு அந்த அளவுகோல் பொருந்தாது. எழுதுபவர் தொட்ட எழுத்து, தொட்ட வரிசையில், அவர் விட்ட இடைவெளியோடு அப்படியே நிற்க வேண்டும். ஆட்டிசம் உள்ள, வாய்ப்பேச்சு வராத ஒருவருக்காக டேப்லெட் வாங்கும்போது இந்த வேறுபாட்டைப் பெரும்பாலும் யாரும் யோசிப்பதில்லை. ஐபேடில் கூடவே வரும் தமிழ்99 விசைப்பலகையை இந்தக் கண்கொண்டு பார்க்கலாம். பக்கத்தில் வைத்து ஒப்பிட இரண்டு: படங்களைத் தொட்டால் பேசும் செயலி, அச்சடித்த எழுத்துப் பலகை.

தமிழ்99-இன் பெரிய பலம், தமிழை 247 எழுத்தாகப் பார்க்காமல் 31 விசையாகப் பார்ப்பது: உயிர் 12, மெய் வரிசை 18, ஆய்தம் 1. உயிரெழுத்துகள் இடப்பக்கம், மெய் வரிசை வலப்பக்கம். 'நிலவு' என்று எழுத ந, இ, ல, வ, உ என ஐந்து தட்டு. 'பட்டாம்பூச்சி'க்குப் பத்து. ஒரே எழுத்தை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். ந-வுக்குப் பின் த, ண-வுக்குப் பின் ட, ம-வுக்குப் பின் ப என்று இன எழுத்து வந்தாலும் அப்படியே. விரலை நினைத்த இடத்தில் கொண்டுபோய் வைப்பதே பெரும் உழைப்பாக இருப்பவருக்கு, குறையும் ஒவ்வொரு தட்டும் ஒரு வரியைக் காப்பாற்றும். ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்துத் தட்டும் அஞ்சல் முறையும் அதே ஐபேடில் இருக்கிறது. ஆங்கில எழுத்தை முதலில் படித்துப் பழகியவருக்கு மட்டும் அது சரி. தமிழில் படிக்கக் கற்றவரிடம் அதைக் கொடுப்பது இரட்டைச் சுமை.

பெட்டியிலிருந்து எடுத்தபடியே பயன்படுத்தினால் இதே கருவி கவிதையைக் கெடுக்கும். அமைப்புகளில் விசைப்பலகைப் பகுதிக்குப் போய்த் தானியங்கித் திருத்தம், சொல் பரிந்துரை, இருமுறை இடைவெளி தட்டினால் முற்றுப்புள்ளி இடும் வசதி ஆகிய மூன்றையும் முதலில் அணைத்துவிடுங்கள். சொற்களுக்கு நடுவே வேண்டுமென்றே அகலமாக இடம் விட்டு எழுதுகிறவர்கள் உண்டு. அவர்கள் விட்ட வெற்றிடத்தில் கருவி ஒரு புள்ளியை வைத்தால் அது வேறு கவிதை. சொல் பரிந்துரை இன்னும் மோசம். பாதி எழுதிய சொல்லுக்கு மேலே பளிச்சென்று முழுச்சொல் தெரியும்போது, தொட எளிதாக இருக்கிறது என்பதற்காகவே விரல் அங்கே போகும். அந்தச் சொல் அவர் நினைத்ததா, கருவி நீட்டியதா என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. அன்றாடத் தேவைகளைச் சொல்ல அதே பரிந்துரை பெரிய உதவி என்பதால், கவிதைக்கென்று தனி நேரம் வைத்து அப்போது மட்டும் அணைப்பது நல்லது.

அடுத்தது தொடுதல் அமைப்பு. பெரும்பாலோர் தடுக்கி விழும் இடம் இதுதான். கை நடுங்கி ஒரே விசை பலமுறை விழுகிறது என்றால், மீண்டும் விழும் தொடுதலைப் புறக்கணிக்கும் வசதியை உடனே இயக்கிவிடுகிறோம். தமிழ்99-இல் அது திருப்பி அடிக்கும். க்க, ட்ட, ச்ச, ம்ம எல்லாமே ஒரே விசையை இரண்டு முறை தட்டி வருபவை. புறக்கணிக்கும் நேரத்தைக் கூட்டி வைத்தால் இரண்டாம் தட்டு காணாமல் போகும். 'பட்டாம்பூச்சி', 'படாம்பூசி' ஆகிவிடும். அருகில் இருப்பவர் அதை எழுத்துப்பிழை என்று நினைத்து, எழுதியவருக்கு மொழி தெரியவில்லை என்று முடிவு கட்டுவார். தவறு அமைப்பில் இருக்கிறது. இப்படிப்பட்டவருக்குப் புறக்கணிப்பை அணைத்துவிட்டு, விரல் எவ்வளவு நேரம் அழுத்தி நின்றால் தட்டாகக் கணக்காகும் என்ற அமைப்பைச் சிறிது சிறிதாகக் கூட்டிப் பாருங்கள். உரசிப்போகும் தொடுதல்கள் விழாது. வேண்டுமென்று வைத்த இரண்டாம் தட்டு விழும். பக்கத்து விசையில் விரல் இடறினால், ஒவ்வொரு விசைக்கும் துளையிட்ட அக்ரிலிக் தகட்டைத் திரைமேல் பொருத்தலாம். ஆனால் ஆங்கில விசைப்பலகைக்கென்று வெட்டிய தகடு இங்கே பொருந்தும் என்று நம்பி வாங்காதீர்கள். தமிழ்99 திரையில் விசைகளின் எல்லைகளை அளந்து வெட்டச் சொல்ல வேண்டும்.

ஒலியோடு விளையாடுகிறவருக்கு இன்னொரு சிக்கல். 'லலலா' என்று எழுத நினைத்தால் முதல் ல-வுக்குப் புள்ளி விழுந்துவிடும். நடுவில் அ-வைத் தட்டினால் புள்ளி விழாது. இதை ஒருமுறை காட்டினால் போதும். 'படபட', 'மினுமினு' போன்ற இரட்டைக்கிளவிகளுக்கு இந்தத் தொல்லை கிடையாது. திரும்பத் திரும்ப வரும் ஒலியில் இன்பம் காண்கிறவருக்கு நம் மொழி ஏற்கெனவே திறந்து வைத்திருக்கும் வாசல் இரட்டைக்கிளவி. அதைப் 'பழக்கதோஷம்' என்று தடுக்கவே கூடாது. திரைப்பாட்டிலிருந்தோ விளம்பரத்திலிருந்தோ ஒரு வரி வந்து விழுந்தாலும் ஒதுக்காதீர்கள். வரி கடன் வாங்கியதாக இருக்கலாம். எதற்குப் பக்கத்தில் அதை வைத்தார் என்பது அவருடையது.

எழுத்துக் கூட்டிப் படிக்க இன்னும் வராதவருக்குத் தமிழ்99 பயன்படாது. அங்கே படச் செயலிதான். அதன் குறை, உள்ளே இருக்கும் சொற்களை வேறு யாரோ தேர்ந்தெடுத்திருப்பது. சாப்பாடு, கழிப்பறை, பள்ளி என்று பெயர்ச்சொற்கள் நிறைந்திருக்கும். 'ஈரம்', 'கூச்சம்', 'நடுவில்', 'இன்னும்' இருக்காது. கவிதைக்கென்று ஒரு பக்கம் தனியாகச் சேருங்கள். 20 சொல் போதும், அதற்குமேல் தேடலே களைப்பாகிவிடும். உடலுறுப்பு, ஒளி, ஒலி, தொடுஉணர்வு ஆகியவற்றோடு நான்கு இரட்டைக்கிளவி. தமிழுக்கு வேற்றுமை உருபுகளும் தேவை: ஐ, இல், ஆல், உடன் ஆகியவற்றுக்குத் தனிப் பொத்தான் வைத்தால் 'மழை' 'மழையில்' ஆக முடியும். செயலி அவற்றைச் சேர்த்து எழுதாமல் 'மழை இல்' என்று காட்டினால் அப்படியே விடுங்கள்.

எழுத்துப் பலகைக்கு மின்சாரம் வேண்டாம், பழுதாகாது, திரை வெளிச்சம் கண்ணைக் கூசவைக்கிறவருக்கு ஏற்றது. ஏ4 தாளைக் கிடைமட்டமாக வைத்து ஆறுக்கு ஆறு கட்டம் போட்டால் கணக்கு அழகாக வரும்: முதல் இரண்டு நெடுவரிசையில் உயிர் 12, அடுத்த மூன்றில் மெய் வரிசை 18, கடைசி நெடுவரிசையில் ஃ, புள்ளி, இடைவெளி, அடுத்த வரி, அழி, நிறுத்து. ஓரத்தில் ஒரு சென்டிமீட்டர் விட்டால் ஒவ்வொரு கட்டமும் சுமார் 46 மி.மீ. அகலம், 32 மி.மீ. உயரம் வரும். ஜ, ஷ, ஸ, ஹ பின்பக்கம். பளபளப்பான லேமினேஷன் விளக்கொளியைத் திருப்பி அடிக்கும். மங்கலானதைக் கேட்டு வாங்குங்கள். 'அடுத்த வரி', 'நிறுத்து' இரண்டையும் இடமில்லை என்று விட்டுவிடாதீர்கள். வரியை எங்கே உடைப்பது என்பதை எழுதுபவரே சொல்ல முதலாவது வேண்டும். போதும் என்று சொல்ல இரண்டாவது.

பலகையை மேசையில் ஒட்டுங்கள், அல்லது தாங்கியில் நிறுத்துங்கள். உதவியாளர் கையில் பிடித்துக் காட்டக் கூடாது. கையில் பிடித்தால், பிடிப்பவர் எதிர்பார்க்கும் எழுத்தை நோக்கி அது தன்னையறியாமல் நகரும். அவருக்கே அது தெரியாது. மணிக்கட்டையோ முழங்கையையோ பிடித்து எழுதவைப்பதிலும் இதே கோளாறு. இப்படி வரும் சொற்களைப் பேசாதவரின் சொற்களாகக் கொள்ள முடியாது என்று அமெரிக்கப் பேச்சு-மொழி-கேட்டல் சங்கம் 2018-இல் இந்த இரு முறைகளுக்கும் எதிராக நிலைப்பாடு வெளியிட்டது. ஐயம் வந்தால் உதவியாளர் அறையில் இல்லாதபோது எழுதுபவரிடம் ஒரு படத்தைக் காட்டி, பிறகு உதவியாளர் வந்ததும் என்ன பார்த்தார் என்று எழுதச் சொல்லிப் பாருங்கள். படத்தில் இருந்தது வரவில்லை என்றால் அந்த முறையில் வந்த கவிதைக்குக் கீழே அவர் பெயரைப் போடுவது அவருக்குச் செய்யும் அநியாயம். தானே தொட்ட மூன்று சொல், பிறர் கை பிடித்து வந்த முப்பது வரியைவிட மதிப்புள்ளது.

எழுதி முடித்ததும் ல-ள-ழ, ன-ண, ர-ற பிழைகளைத் திருத்தக் கை பரபரக்கும். 'மாற்றவா', 'அப்படியே விடவா', 'இப்போது வேண்டாம்' என்று மூன்று அட்டை வைத்துக் கேளுங்கள். ஒவ்வொரு முறையும் அட்டைகளின் இடத்தை மாற்றுங்கள். எப்போதும் வலக்கோடியில் இருப்பதையே தொடுகிறவர்கள் உண்டு. கேட்டபின் பேசாமல் காத்திருங்கள். பதில் வர அரை நிமிடத்துக்கு மேலும் ஆகலாம். நடுவில் கேள்வியைத் திரும்பச் சொன்னால் அவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

ஐபேட் அந்தக் கவிதையை வாசித்துக் காட்டும். ஆனால் எந்திரக் குரல் வரி முடிவில் நிற்காமல் ஓடிவிடக்கூடும். வாசிப்புக்கென்று ஒரு நகல் எடுத்து, வரிக் கடைசியில் காற்புள்ளி சேர்த்து, வேகத்தைக் குறைத்துக் கேட்கவிடுங்கள். மூலத்தில் கை வைக்க வேண்டாம். அதைத் தேதியோடு தனியாகச் சேமியுங்கள். வெளியே காட்டுவதற்கு முன் 'எனக்கு மட்டும்', 'வீட்டாருக்கு', 'எல்லோருக்கும்' என்று இன்னொரு மூன்று அட்டை. 'எனக்கு மட்டும்' என்று தொட்டால் அந்தக் கோப்பை மூடிவிடுங்கள், கவிதை எவ்வளவு அழகாக இருந்தாலும்.