டெக் கட்டப் பழக எது சரி: ஸ்னாப்பா, ஹார்த்ஸ்டோனா, அரீனாவா?

போனில் சீட்டாட்டம் என்று சொன்னாலே சென்னையில் பாதிப் பேர் ரம்மி என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். வீட்டுப் பெரியவர்களின் முகமே மாறிவிடும். இது பந்தயம் கட்டி ஆடுவது இல்லை. நம் டெக்கை, அதாவது ஆடப்போகும் சீட்டுக்கட்டை, நாமே முன்கூட்டிக் கட்டி எடுத்துப்போய் எதிராளியோடு மோதுகிற வகை. இதில் ஹார்த்ஸ்டோன், மேஜிக் அரீனா, மார்வெல் ஸ்னாப் மூன்றையும் ஆடிப் பார்த்தேன். டெக் கட்டப் பழகுவதற்கு என்று நான் வைத்துக்கொண்டது ஸ்னாப்.

மூன்றும் இலவசமாக இறங்கும், மூன்றும் போனில் ஓடும், மூன்றிலும் பர்ஸைத் திறக்க வைக்கும் கடை ஒன்று உண்டு. படம், சத்தம் எல்லாம் அவரவர் ருசி. நேரத்தில் மட்டும் ஸ்னாப் தனி ரகம். மொத்தமே 6 டர்ன்தான். கிண்டியில் மின்சார ரயில் கிளம்பும்போது தொடங்கினால் மாம்பலம் வரும்போது பெரும்பாலும் முடிந்திருக்கும்.

நான் முடிவெடுத்தது நேரத்தை வைத்து இல்லை. டெக் கட்டுவது என்றால் ஒரு சீட்டை எடுத்துவிட்டு இன்னொன்றை வைப்பது, வைத்தது வேலை செய்கிறதா என்று பார்ப்பது. பார்க்க வேண்டுமானால் முதலில் அந்தச் சீட்டு கைக்கு வர வேண்டுமே! இந்தக் கணக்கை யாரும் போட்டுப் பார்ப்பதில்லை.

ஸ்னாப் டெக்கில் 12 சீட்டு, ஒவ்வொன்றும் ஒரே பிரதி. தொடக்கத்தில் 3, அப்புறம் டர்னுக்கு 1. கடைசி டர்னுக்குள் 9 சீட்டைப் பார்த்துவிடுகிறோம். அதாவது புதிதாக வைத்த சீட்டு நாலில் மூன்று ஆட்டங்களில் கைக்கு வரும். ஹார்த்ஸ்டோனில் 30 சீட்டு. முதலில் ஆடுபவர் 3 சீட்டோடு தொடங்கி, ஏழாவது டர்னில் 10 பார்த்திருப்பார். ஒற்றைப் பிரதியாக வைத்தது மூன்றில் ஒரு ஆட்டத்தில்தான் தலைகாட்டும். அரீனாவில் 60. அதே ஏழாவது டர்னில் 13 அல்லது 14 பார்த்திருப்போம். ஒற்றைப் பிரதி நாலில் ஒரு ஆட்டத்தில் வந்தாலே அதிகம். (கூடுதலாகச் சீட்டு இழுத்துத் தரும் சீட்டுகளையும், தொடக்கக் கையை மாற்றிக்கொள்வதையும் இதில் சேர்க்கவில்லை.) ஒரு மாற்றம் நல்லதா கெட்டதா என்று தெரிய ஒரு வாரம் ஆகும் என்றால், அதற்குள் நாம் இன்னும் நாலு சீட்டை மாற்றியிருப்போம். எது எதைச் சரி செய்தது என்று பிறகு எப்படிப் பிரிப்பது?

ஸ்னாப் பலகையில் மூன்று இடங்கள், சீட்டை இறக்க எனர்ஜி செலவாகும். இதில் மாற்றிப் பார்ப்பது எப்படி நடக்கிறது என்றால், ஆரம்பத்திலேயே கிடைக்கிற சீட்டுகளை வைத்து ஒரு கா-ஸார் டெக் கட்டலாம். 1 எனர்ஜி சீட்டுகளாக நிரப்புவது, ஸ்க்விரல் கேர்ளை வைத்து மற்ற இரண்டு இடங்களிலும் அணிலை இறக்குவது, நாலாவது டர்னில் கா-ஸாரை இறக்கி 1 எனர்ஜி சீட்டுகளுக்கும், ஐந்தாவதில் ப்ளூ மார்வெலை இறக்கி எல்லோருக்கும் பலம் ஏற்றுவது. ஜோராகப் போகும், எதிராளி கில்மாங்கரை இறக்கும்வரை. அந்த ஒரு சீட்டு பலகையில் இருக்கிற 1 எனர்ஜி சீட்டு அத்தனையையும் துடைத்துவிடும்.

சரி, ஒன்றை எடுத்துவிட்டு ஆர்மரை வைத்தேன். அது இருக்கிற இடத்தில் எதையும் அழிக்க முடியாது. அன்று மாலையே தெரிந்துவிட்டது: ஆர்மர் நின்ற இடம் தப்புகிறது, மற்ற இரண்டில் அணில்கூட மிஞ்சவில்லை. மூன்றில் இரண்டு இடம் பிடித்தால்தான் ஜெயம். அடுத்து, 1 எனர்ஜி சீட்டுகளில் இன்னொன்றைக் குறைத்து ஹல்க்கை வைத்தேன். ஆறாவது டர்னில் யார் துணையும் இல்லாமல் ஓர் இடத்தைப் பிடிக்கிற ஆள். இப்போது கில்மாங்கர் வந்தாலும் ஆர்மர் இடம், ஹல்க் இடம் என்று இரண்டு மிஞ்சுகிறது. இந்த இரண்டு மாற்றமும் எதற்கு வேலை செய்தன என்று என்னால் விரல் வைத்துக் காட்ட முடியும். நெட்டில் இருக்கும் டெக்கை அப்படியே எடுத்து ஆடினால் ஜெயிக்கலாம், ஆனால் இந்த விவரம் கிடைக்காது.

சோதனைக்கு ஆகும் செலவும் குறைவு. இங்கே பணயம் பணம் இல்லை, க்யூப் என்கிற தரவரிசைப் புள்ளி. அது இரட்டிப்பாவதற்கு முன் பின்வாங்கினால் ஒரே ஒரு க்யூப்தான் போகும்.

ஸ்னாப்பிலும் உதைக்கிற விஷயங்கள் உண்டு. மூன்று இடங்களும் ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும், ஆகவே தோற்றது டெக்காலா இடத்தாலா என்று சில நேரம் பிரித்துச் சொல்ல முடியாது. வேண்டிய சீட்டை வேண்டிய நேரத்தில் செய்துகொள்ளவும் வழியில்லை. ஹார்த்ஸ்டோனில் அது முடியும். ஆனால் விலையைப் பாருங்கள்: ஒரு லெஜண்டரி (மிக அரிய வகைச் சீட்டு) செய்ய 1600 டஸ்ட் (சீட்டை உடைத்தால் கிடைக்கும் தூள்), அதையே உடைத்தால் 400. நாலை உடைத்தால் ஒன்று. அரீனாவில் வைல்ட்கார்டு (அதே தரத்தில் வேண்டிய சீட்டாக மாற்றிக்கொள்வது) கொடுத்து எடுத்த சீட்டை உடைக்கவே முடியாது.

அரீனாவை மூன்றில் குறைவாக ஆடியவன் நான், அதனால் அதைப் பற்றி அடித்துச் சொல்லத் தயங்குகிறேன். 60 சீட்டில் லேண்ட் (மற்ற சீட்டுகளை இறக்கச் சக்தி தரும் சீட்டு) 24 வைப்பதா, 22 போதுமா என்று திண்டாடும்போது வருகிற அறிவு ஸ்னாப்பில் வராது. அங்கே எனர்ஜி தானாகவே ஏறுகிறது. மேஜிக்கை நிஜ அட்டையில் ஆடும் நண்பர்கள் இருந்தால் நேராக அரீனாவுக்கே போகலாம்.

ஏற்கெனவே ஹார்த்ஸ்டோனில் நல்ல சேகரிப்பு வைத்திருப்பவர் இதற்காக மாற வேண்டாம். மாற்றும் சீட்டை மட்டும் இரண்டு பிரதியாக வையுங்கள். அதே ஏழாவது டர்ன் கணக்கில், ஒன்றாவது கைக்கு வரும் வாய்ப்பு பாதிக்கு மேல் போய்விடும். லெஜண்டரிக்கு இந்த வழி இல்லை, டெக்குக்கு ஒரு பிரதிதான்.