நெஞ்சில் கோத்த நீர்: அல்ட்ராசவுண்டா, சி.டி.யா?

கடலோர ஊரான மண்டபத்தில் என் கிளினிக்குக்கு அல்ட்ராசவுண்ட் கருவி வாங்கியதிலிருந்து ஒரு கேள்வி என்னை விடுவதில்லை. நெஞ்சில், அதாவது நுரையீரலைச் சுற்றிய உறைக்குள், நீர் கோத்தவரின் வீட்டார் கேட்பார்கள்: "டாக்டரய்யா, ராமநாதபுரம் போய் சி.டி. ஸ்கேன் எடுத்துவிட்டால் என்ன நீர் என்று ஒரேயடியாகத் தெரிந்துவிடாதா?" சி.டி.யிலும் அது தெரிந்துவிடாது.

எக்ஸ்ரேயை முதலில் முடித்துவிடுகிறேன். நிற்கவைத்து எடுத்த படத்தில் விலாவின் அடிமூலை மழுங்கித் தெரியவே ஏறத்தாழ 200 மி.லி. நீர் சேர்ந்திருக்க வேண்டும். நீர் உண்டா என்பதற்கு அது போதும். வகை சொல்ல ஆகாது.

வகை ஏன் முக்கியம்? இதயமோ கல்லீரலோ சிறுநீரகமோ தளர்ந்ததால் கசியும் தெளிந்த நீர் டிரான்சுடேட். காசநோய், நிமோனியா, புற்றுநோய் போன்றவற்றால் நுரையீரல் உறையே புண்பட்டு ஊறுவது எக்சுடேட். முதல் வகைக்குப் பெரும்பாலும் அடிப்படைக் காரணமான நோய்க்குரிய மருந்தே போதும். இரண்டாவதை ஊசியால் எடுத்துப் பார்க்காமல் விட முடியாது.

சி.டி. நீரின் அடர்த்தியை எண்ணாகத் தருகிறது. வெறும் தண்ணீர் 0. புது ரத்தம் அதைவிட நன்றாக உயர்ந்து தனித்துத் தெரியும். ஆனால் டிரான்சுடேட்டின் எண்ணும் எக்சுடேட்டின் எண்ணும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடப்பதால், அதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது.

அல்ட்ராசவுண்டில் நீர் கறுப்பாகத் தெரியும். டிரான்சுடேட் அநேகமாக எப்போதும் மையிருட்டுதான். ஒரு கண்ணி உண்டு: எக்சுடேட்டும் சில நேரம் அதே கறுப்பில் வரும். ஆகவே கறுப்பைப் பார்த்து நிம்மதி கொள்ளக் கூடாது. உள்ளே இழைகள் ஓடினால் அது எக்சுடேட் என்று ஏறக்குறைய உறுதி. முழுதும் ஒரே சாம்பல் நிறமாக இருந்தால் சீழோ ரத்தமோ என்று பார்க்க வேண்டும்.

கருவாடு காயவைக்கும் அம்மா ஒருவர் மூன்று வாரக் காய்ச்சலோடு வந்தார். கையில் ஒரு வாரத்துக்கு முன் எடுத்த சி.டி. அதில் நீர் தெரிந்தது; இழைகள் தெரியவில்லை. மெல்லிய இழைகளைப் பிடிப்பதில் சி.டி.க்குக் கண் மங்கல்தான். நாற்காலியில் திருப்பி உட்காரவைத்து முதுகில் கருவியை வைத்தேன். கறுப்பு நீருக்குள் வெள்ளை இழைகள், மூச்சுக்கு மூச்சு ஆடின. "நண்டு வலை போல இருக்கிறதே" என்றார் மகன். இழைகள் குறைந்த பெரிய இடைவெளியைத் தேடி ஊசியை இறக்கி நீரை எடுத்தேன். வைக்கோல் நிற நீர், காசநோய் நீரில் உயரும் ஏ.டி.ஏ. என்ற நொதியின் அளவு 40-க்கு மேல். காசநோய் மருந்து தொடங்கினோம்.

சி.டி.யைவிட அல்ட்ராசவுண்டே முதலில் என்ற என் முடிவுக்குக் காரணம் இந்த ஊசிதான். சி.டி.யைப் படுக்கவைத்து எடுக்கிறார்கள். நீர் முதுகுப் பக்கம் பரந்து கிடக்கும். நோயாளி எழுந்து உட்கார்ந்ததும் அது அடியில் இறங்கிவிடும். மூச்சை இழுத்தால் கல்லீரலும் மண்ணீரலும் இடம் மாறும். படத்தில் குறித்த இடம் குத்தும் நேரத்தில் அதே இடம் அல்ல. அல்ட்ராசவுண்டில் அவர் உட்கார்ந்த அதே நிலையில் ஆழத்தை அளந்து, அங்கேயே ஊசியை இறக்கலாம். இரண்டு நாள் கழித்து நீர் இழை கட்டியதா என்று கதிர்வீச்சில்லாமல் மறுபடி பார்க்கலாம். எடுத்த நீரின் புரதம் ரத்தப் புரதத்தில் பாதிக்கு மேல் இருந்தால் எக்சுடேட் என்பது 1972-இல் லைட் என்ற மருத்துவர் வகுத்த அளவுகோல்களில் ஒன்று. தீர்ப்பு அங்கேதான், படத்தில் இல்லை.

அல்ட்ராசவுண்ட் கருவியை வைத்துப் பராமரிப்பதும் எளிதன்று. கருவியைச் சட்டப்படி பதிவு செய்து ஏடுகள் வைக்க வேண்டும். உப்புக் காற்று பிளக் முள்ளைக்கூட அரிக்காமல் விடுவதில்லை.

புற்றுநோய் நீரில் என் அனுபவம் குறைவு. உறை 1 செ.மீ.க்கு மேல் தடித்திருக்கிறதா, முடிச்சுகள் உண்டா, இதயத்தை ஒட்டிய பக்கமும் படர்ந்திருக்கிறதா என்பதைச் சி.டி.தான் முழுதாகக் காட்டும். நுரையீரல் மடல்களுக்கு இடையே ஒளிந்த நீரும் என் கருவிக்கு எட்டாது. அத்தகையவர்களைத் தயங்காமல் ராமநாதபுரம் அனுப்புகிறேன், நீரை முழுதும் வடிப்பதற்கு முன்பே. வடித்துவிட்டால் உறையின் மேடுபள்ளம் அவ்வளவு தெளிவாகத் தெரியாது.