ரிலீஸ் அன்று கேம் வாங்குவதை விட்டு மூன்று வருடம்

ஓசூரில் ஷிஃப்ட் வேலை, காவேரிப்பட்டணத்தில் வீடு. லேப்டாப்பைத் திறக்க இரவு பத்து மணி ஆகிவிடும். 2022-ல் தவணையில் வாங்கிய லேப்டாப், கேம் படத்தை ஓட்டும் சிப் ஆர்டிஎக்ஸ் 3050, அதற்கு 4 ஜிபி மெமரிதான். அந்த வருடக் கடைசியில் ஒரு பெரிய கேமை ப்ரீ-ஆர்டர் செய்தேன். பேர் வேண்டாம். நாலாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. முன்கூட்டியே வாங்கினால் கேமில் நம் ஆளுக்குச் சிவப்புக் கவசம் ஒன்று போனஸ்.

ரிலீஸ் அன்று லீவு போட்டேன். 110 ஜிபி இறங்கி முடிய மாலை ஆனது. திறந்ததும் ஷேடர் கம்பைல், அதாவது படத்தை வரைவதற்கான முன்வேலை, என்று ஒரு பட்டை நாற்பது நிமிடம் ஊர்ந்தது. பிறகு கேமராவைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் படம் ஒரு கணம் நின்று நின்று வந்தது. பாலம் தாண்டியதும் குதிரை கழுத்துவரை மண்ணில் புதைந்துவிட்டது. அதன் மேல் சிவப்புக் கவசத்தோடு நம் ஆள் கம்பீரமாக உட்கார்ந்திருந்தான். ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். ஷேடர் ஓடிய நேரமும் ஆடிய கணக்கில்தான் சேரும். 1 மணி 48 நிமிடத்தில் விண்ணப்பித்தேன். பணம் வந்தது, லீவு போனது போனதுதான்.

மறுநாள் காலை அப்பாவிடம் சொன்னேன். அவருக்குக் கேம் தெரியாது, மாந்தோப்பு தெரியும். எங்கள் பக்கம் மரம் பூ விட்டதுமே தோப்பைக் குத்தகைக்குப் பேசிவிடுவார்கள். காற்றடித்தாலும் தத்துப்பூச்சி விழுந்தாலும் நட்டம் வியாபாரியுடையது. அதனால்தான் அவன் விலையைக் குறைத்துக் கேட்பான்.

"பூவுலயே காசு கட்டிட்டியா? எவ்ளோ கொறச்சான்?"

"கொறைக்கலப்பா. முழு வெலதான்."

"அப்பறம் எதுக்குடா கட்டுன?"

அதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. மாங்காய் மாதிரி கேம் தீர்ந்து போகிற சரக்கும் இல்லை. அன்று முதல் ஒரே விதி: எந்தக் கேமும் வெளிவந்து ஒரு வருடமாவது ஆகட்டும்.

இந்த விதிக்கு எனக்குக் கிடைத்த பெரிய பரிசு சைபர்பங்க் 2077 என்ற கேம். 2020 டிசம்பர் 10-ல் அது வெளியானபோது ப்ரீ-ஆர்டர் மட்டும் 80 லட்சத்தைத் தாண்டியிருந்தது. டிவியில் மாட்டி ஆடும் பழைய கன்சோல்களில் ஓடிய லட்சணத்தைப் பார்த்து, பிளேஸ்டேஷன் விற்கும் சோனி ஒரே வாரத்தில் தன் ஆன்லைன் கடையிலிருந்தே அதைத் தூக்கியது. 2021 ஜூனில்தான் திரும்ப வைத்தது. 2023 செப்டம்பரில் 2.0 அப்டேட் வந்தது. நான் வாங்கியது 2024-ல், பாதி விலைக்கு. முன்பெல்லாம் கேமில் தப்பு செய்தால் போலீஸ் முதுகுக்குப் பின்னால் காற்றிலிருந்து முளைப்பார்களாம். எனக்கு அவர்கள் காரில் துரத்தி வந்தார்கள். 80 லட்சம் பேர் முழுக் காசு கொடுத்து டெஸ்டிங் செய்து வைத்த கேமை நான் பாதிக் காசுக்கு ஆடினேன். கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் ரொம்ப இல்லை.

காத்திருப்பதில் இழப்பும் உண்டு. ஆன்லைன் கேம்களுக்கு இந்த விதி சுத்தமாக ஒத்துவராது. கான்கார்ட் 2024 ஆகஸ்ட் 23-ல் வெளியாகி, செப்டம்பர் 6-ல் சர்வரை மூடிவிட்டார்கள். எங்கள் வீட்டு மாங்காய் ஊறுகாய் ஊறவே அதைவிட அதிக நாளாகும். பேட்டில் பாஸ், அதாவது குறிப்பிட்ட நாளுக்குள் ஆடி ஆடிப் பரிசு சேர்க்கும் சீட்டு, வைக்கும் கேம்களை நான் தொடுவதில்லை. கம்பெனியில் பஞ்ச் வைத்துவிட்டு வந்து, வீட்டிலும் தினம் லாகின் செய்து அட்டெண்டன்ஸ் போட வேண்டுமா?

டிசைன் பற்றிய என் குறை வரைபடத்தைப் பற்றியது. இப்போது வரும் பல ஓப்பன் வேர்ல்டு கேம்களில், அதாவது இஷ்டப்படி சுற்றித் திரியும் கேம்களில், மேப்பைத் திறந்தால் அம்மை போட்ட மாதிரி ஐகான்கள். கண் திரை மூலையில் இருக்கும் குட்டி மேப்பிலேயே இருப்பதால், நூறு பேர் உட்கார்ந்து வரைந்த மலையைப் பார்க்காமலே கடந்து போகிறோம். 2022 பிப்ரவரியில் வந்த எல்டன் ரிங்கை நான் 2023-ல் எடுத்தேன். அதில் ஒவ்வொரு பகுதியின் வரைபடத்தையே முதலில் தேடி எடுக்க வேண்டும். கிட்டத்தட்ட எங்கே நின்றாலும் தூரத்தில் ஒரு பொன்மரம் தெரியும். கிருஷ்ணகிரிக்குள் எங்கே நின்றாலும் கோட்டை மலையை வைத்துத் திசை கண்டுபிடிப்போமே, அப்படி. 130 மணி நேரம் ஆடினேன். கிடைக்காமல் போனது எவ்வளவோ, அதில் வருத்தமில்லை.

வீட்டில் எல்லோருக்கும் பிடித்தது ஸ்டார்டியூ வேலிதான். எரிக் பரோன் என்ற ஒரே ஆள் உருவாக்கிய, 2016-ல் வெளிவந்த விவசாயக் கேம். 2024-ல்கூட இலவசமாகப் பெரிய அப்டேட் கொடுத்தார். ஒருநாள் தக்காளி பறித்துக்கொண்டிருந்தபோது அம்மா பின்னால் வந்து நின்றார்.

"அங்க தக்காளி என்ன வெல?"

"அறுபது தங்கம். எத்தன போட்டாலும் அதே வெலதான்மா."

அம்மா சிரித்துவிட்டார். அவர் பிறந்த ஊர் ராயக்கோட்டைப் பக்கம். வரத்து கூடிப்போன நாளில் பறிகூலிக்குக்கூடக் கட்டாமல் தக்காளியை ரோட்டோரம் கொட்டிவிட்டு வந்த வீடு அது. "அந்த ஊர்ல ஒரு ஏக்கரு பாரு" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனார்.

விதியை ஒரே ஒருமுறை மீறினேன். ஹாலோ நைட் சில்க்சாங், 2025 செப்டம்பர் 4. 2019-ல் அறிவித்த கேம், தேதியைச் சொன்னது வெளியாவதற்கு இரண்டு வாரம் முன்புதான். விலை 20 டாலர்தான். உருவாக்கியவர்கள் ஆஸ்திரேலியாவில் ஒரு சின்னக் குழு. முதல் நாளே முழுசாக ஓடியது. என் கைதான் ஓடவில்லை. ஒரே பாஸிடம், அதாவது பெரிய வில்லனிடம், 31 முறை செத்தேன்.

தர்மபுரியில் இன்ஜினியரிங் படிக்கும் சித்தி பையன் இப்போது ஜிடிஏ 6 என்ற கேமுக்காக பிஎஸ்5, அதாவது சோனியின் பிளேஸ்டேஷன் 5 கன்சோல், வாங்கக் காசு சேர்க்கிறான். முதல் டிரெய்லர் வந்தது 2023 டிசம்பரில். 2025 என்றார்கள், 2026 மே என்றார்கள், பிறகு நவம்பர் 19 என்றார்கள். என் லேப்டாப் மாதிரி கம்ப்யூட்டருக்குத் தேதியே சொல்லவில்லை. "அண்ணா, கன்சோலுக்குப் பாதி நீ போடு, சேர்ந்து ஆடலாம்" என்கிறான். நான் வழக்கம்போல ஒரு வருடம் கழித்துத்தான் என்றேன். முதல் நாள் உன் ரூமுக்கு வந்து சும்மா உட்கார்ந்து பார்ப்பேன், கன்ட்ரோலரைத் தொடமாட்டேன் என்றும் சொன்னேன். அவன் நம்பவில்லை.