மலிவு கரி ஸ்மோக்கர்ல சூட்டைப் பிடிச்சி வைக்க: ஓட்டை அடைப்பா, தண்ணித் தட்டா, ஃபேனா?

ரெண்டு வருசத்துக்கு முந்தி ஒரு மலிவான கரி ஸ்மோக்கர் வாங்கினேன், கரிச் சூட்டுலயும் பொகையிலயும் இறைச்சியை மெதுவா வேக வைக்கிற அடுப்பு அது. நிமிந்து நிக்கிற பீப்பா மாதிரி, கீழே கரி, நடுவுல தண்ணித் தட்டு, மேலே ரெண்டு கம்பித் தட்டு, பக்கத்துல சின்னக் கதவு ஒன்னு. வீடு இலங்கை மலையகத்துல, ஹட்டன் பக்கம். முதல் தடவை முழுக்கோழி ரெண்டு வைச்சி 110லருந்து 120 டிகிரிக்குள்ள நிப்பாட்டலாம்னு பாத்தா, அரை மணித்தியாலத்துல 180ஐத் தாண்டிப் போயிருச்சி, கீழ் ஓட்டை எல்லாத்தையும் மூடினேன், அப்பவும் இறங்கல. தோலு கருகி, எலும்போரம் வேகாம, அன்னைக்கு ராத்திரி எல்லாருக்கும் பருப்பும் சம்பலும்தான்.

கரி எவ்வளவு வேகமா எரியும்ங்கிறது அதுக்குப் போற காத்தைப் பொறுத்தது, இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். இந்த மாதிரி மெல்லிசுத் தகரத்துல செஞ்ச ஸ்மோக்கர்ல நம்ம தொறந்து விடுற காத்தைவிட அதுவா உள்ள போற காத்துதான் கூட. மூடியில பொகை கசியிறதைப் பாத்துட்டு அதுதான் பிரச்சினைன்னு நெனைப்போம், ஆனா கதவோட கீழ் ஓரமும் கால் பூட்டுற போல்ட்டு ஓட்டையும்தான் மோசம், அங்கிட்டு பொகை வராது, காத்தை உள்ள இழுக்கும், அதனால கண்ணுக்கே படாது.

இதுக்கு மூனு வழி இருக்கு. தண்ணித் தட்டை நம்பி ஓட்டுறது, அதை நான் நாலஞ்சி மாசம் செஞ்சி பாத்தேன். கசிவை எல்லாம் அடைச்சி காத்து வாய்க்கு வால்வு வைக்கிறது, இப்ப என்கிட்ட இருக்கிறது அதுதான். மூனாவது சின்ன ஃபேனும் கன்ட்ரோலரும், பண்டாரவளையில இருக்கிற மச்சான் அதைப் பூட்டியிருக்காரு. நான் ரெண்டாவது பக்கம்தான், முதல்லயே சொல்லிர்றேன்.

எந்த வழிக்குப் போனாலும் அதுக்கு முன்னாடி தேர்மோமீட்டரைச் சரி பாருங்க. மூடியில வட்டமா ஒன்னு வைச்சி வருமே, அது மூடிக்குக் கீழ சூட்டைக் காட்டும், இறைச்சி இருக்கிற தட்டு உயரத்துல இருக்கிற சூட்டைக் காட்டாது, என்னோடதுல ரெண்டுக்கும் 20 டிகிரிக்கு மேல வித்தியாசம். வயரோட வர்ற ப்ரோப் (சூட்டை அளக்கிற கம்பி முனை) ஒன்னு வாங்கி கம்பித் தட்டுலயே மாட்டினாத்தான் சரி. அடுத்து, கொதிக்கிற தண்ணியில வைச்சா 100 காட்டணும்னு பெட்டியில எழுதியிருக்கும், நம்ம மலையில அது பொருந்தாது. உயரம் கூடக்கூட தண்ணி சீக்கிரமே கொதிச்சிரும். ஹட்டன்ல 96க்குக் கிட்ட, 1,868 மீற்றர் உயரத்துல இருக்கிற நுவரெலியாவுல 94 டிகிரியிலயே கொதிக்கும். அங்க 94 காட்டுற நல்ல தேர்மோமீட்டரை பிழைன்னு நெனைச்சி திருப்பி 100ல வைச்சா அதுக்கப்புறம் எல்லாமே 6 டிகிரி பிழை. ஐஸ் தண்ணியில வைச்சி 0 காட்டுதான்னு பாக்கிறது எங்க இருந்தாலும் ஒன்னுதான்.

தண்ணித் தட்டு பத்தி நிறைய சொல்றதுக்கு இல்ல. தண்ணி கொதிக்கிற வரைக்கும், அப்புறம் ஆவியாகிற வரைக்கும், மிச்ச சூட்டை அது வாங்கிக்கிரும், அதனால சூடு தாறுமாறா ஏறாது. செலவும் இல்ல. ஆனா ஒரு லீற்றர் தண்ணி ஆவியாகிறதுக்கு சுமார் 2,260 கிலோஜூல் சக்தி வேணும், அது அவ்வளவும் நம்ம கரியில இருந்துதான் போகுது. நான் ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா கதவைத் தொறந்து தண்ணி ஊத்த வேண்டியிருந்துச்சி, தொறக்கிற ஒவ்வொரு தடவையும் கரிக்கு ஒரு மூச்சு காத்து போயிரும். தண்ணி வத்தினது தெரியாம விட்டா பத்து நிமிசத்துல பழையபடி 160, 170. கோழித் தோலும் ஈரமா வழவழன்னு இருக்கும். தண்ணிக்குப் பதிலா காஞ்ச மணலைப் போட்டு மேலே அலுமினியத் தாளு சுத்தி வைக்கலாம், அது சூட்டைப் பிடிச்சி வைச்சி மெதுவா விடும், நான் இப்பவும் அப்பிடித்தான் வைச்சிருக்கேன். ஆத்துக் கல்லு மட்டும் போட்டுறாதீங்க, உள்ள ஈரம் இருந்தா சூட்டுல வெடிக்கும்.

ஃபேன் விசயத்துல என் அனுபவம் கம்மி, மச்சானோட செட்டை மூனு தடவை கூட இருந்து பாத்ததுதான். 12 வோல்ட்டு ஃபேன், ஒரு கன்ட்ரோலர், ஒரு ப்ரோப். 115னு வைச்சா சூடு அதுக்குக் கீழ போறப்ப ஃபேன் ஊதும், மேல போனா நின்னுரும். கரியும் நல்லா, வானமும் நல்லா இருந்த ஒரு நாள் ஆறு மணித்தியாலம் மூனு நாலு டிகிரி கூட அசையாம நின்னுச்சி, அதைக் கையால செய்ய என்னால முடியாது, உண்மையைச் சொல்லணும்ல. ராத்திரி பன்றித் தொடையை வைச்சிட்டுத் தூங்கணும்னா இதுக்கு மிஞ்சி ஒன்னும் இல்ல.

ஆனா கவனிங்க, ஃபேனால சூட்டை ஏத்தத்தான் முடியும், இறக்க முடியாது. பீப்பா கசிஞ்சா ஃபேன் நின்னாலும் கரி கசிவுல வர்ற காத்துலயே எரியும். மச்சான் முதல்ல ஓட்டை எதையும் அடைக்காமத்தான் பூட்டினாரு, தீவாளிக்கு முந்தின ராத்திரி காத்து அடிச்ச அடிக்கு ஃபேன் சும்மாவே கெடக்க, சூடு 140ல நிக்குது. போதாததுக்கு இடி இடிச்சி கரண்ட்டும் போயி கன்ட்ரோலர் அணைஞ்சிருச்சி, அதுக்கப்புறம் ரெண்டு பேரும் குடையைப் பிடிச்சிக்கிட்டு களிமண்ணைக் குழைச்சி கதவோரத்துல அப்பினோம். நல்லா அடைச்ச பீப்பாவுல கரண்ட் போனா நெருப்பு தானா அடங்கும், கசியிற பீப்பாவுல அப்பிடி அடங்காது. அப்ப ஃபேன் வைக்கிறவரும் முதல்ல அடைக்கத்தான் வேணும். அடைச்சதுக்கப்புறம் பகல்ல நாலஞ்சி மணித்தியால சமையலுக்கு ஃபேன் தேவையான்னு நீங்களே பாருங்க.

இனி நான் செஞ்சது. மூடியையும் கதவையும் சுத்தி கண்ணாடி இழைக் கயிறு ஒட்டினேன், விறகு அடுப்புக் கதவுக்குப் போடுறாங்களே, அது. தகரம் ஒன்னோட ஒன்னு சேர்ற பொருத்துக்கு வெளிப்பக்கமா சிவப்பு சிலிக்கன், கராஜ்ல எஞ்சினுக்குப் போடுற எல்லாத்தையும் சாப்பாட்டுப் பக்கம் போடக் கூடாது, டியூப்ல உணவுக்கு ஏத்ததுன்னு போட்டிருக்கான்னு பாத்து வாங்கி, ஒரு முழு நாள் காய விட்டு, வெறும் கரியில ஒருக்கா சூடாக்கினதுக்கு அப்புறம்தான் இறைச்சி வைச்சேன். கீழே இருந்த மூனு ஓட்டையில ரெண்டுக்கு மூடி, ஒன்னுக்கு முக்கால் இஞ்சிக் குழாயும் பித்தளை பால் வால்வும் (ball valve, பிடியைத் திருப்பித் தொறந்து மூடுறது). வால்வுக்குள்ள இருக்கிற டெஃப்லோன் வளையம் 260 டிகிரிக்கு மேல தாங்காது, அதனால குழாயை ஒரு சாண் வெளிய நீட்டித்தான் வால்வைப் பூட்டணும். துத்தநாகம் பூசின குழாயையோ தகரத்தையோ நெருப்புக்குள்ள வைக்காதீங்க, அந்தப் பூச்சு எரிஞ்சி வர்ற பொகை ஒடம்புக்கு ஆகாது. எல்லாத்துக்கும் சேத்து 12.5 கிலோ கேஸ் சிலிண்டர் ஒன்னு மாத்துற காசுக்குள்ள முடிஞ்சிச்சி.

கயிறு விசயத்துல ஒன்னு கட்டாயம் சொல்லணும். பழைய பொய்லர் கயிறு கொஞ்சம் இருக்குன்னு ஒருத்தர் சும்மாவே தந்தாரு, அப்பா அதைக் கையில வாங்கவே விடல. அவர் தேயிலை ஸ்டோர்ல, அதாவது ஃபெக்டரியில, இலையைக் காய வைக்கிற ட்ரையர் பக்கம் வேலை செஞ்சவரு. பழைய கயிறுன்னா அஸ்பெஸ்டஸா இருக்கலாம், அதோட தூசி நெஞ்சுக்குள்ள போனா கேன்சர் வரைக்கும் போகும். அடைக்கணும்ங்கிற யோசனையே அவரோடதுதான். ட்ரையருக்குள்ள போற காத்தை 90லருந்து 100 டிகிரிக்குள்ள வைச்சிருக்கிற வேலை அவங்களோடது, "அடுப்பு வாய் சரியா மூடாட்டி அடுப்பு நம்ம பேச்சைக் கேக்காது"ன்னு சொல்லுவாரு.

ஓட்டுறது லேசு. பத்த வைக்காத சிரட்டைக்கரியை கூடையில நிரப்பி, மேலே ஏழெட்டு கங்கு மட்டும் வைச்சி, மேல் பொகை வாயை முழுசா தொறந்தே விடணும், அதை மூடினா பொகை உள்ளேயே தேங்கி இறைச்சி கசக்கும். காத்தைக் கீழ் வால்வுல மட்டும் பிடிக்கணும். 100 வர்றப்பவே வால்வைக் கால்வாசிக்குக் கொண்டு வந்துரணும், ஏன்னா அடைச்ச பீப்பாவுல ஒருக்கா ஏறின சூடு இறங்க ஒரு மணித்தியாலம் கூட எடுக்கும். வால்வு வாயைக் காத்து வர்ற பக்கம் பாக்க வைக்காதீங்க, ஹப்புத்தளை மாதிரி காத்தடிக்கிற எடத்துல இதுவே பாதி பிரச்சினை. எனக்கு 110க்கும் 122க்கும் நடுவுல நிக்குது, முக்கால் மணித்தியாலத்துக்கு ஒருக்கா ஒரு பார்வை போதும்.

நான் முடிவெடுத்தது இதை எல்லாம் வைச்சி இல்ல, பராமரிப்பை வைச்சி. நம்ம ஊர்ல வைகாசிக்கு ஆரம்பிக்கிற மழை புரட்டாசி வரைக்கும் விடாது, மழை இல்லாட்டி மூடுபனி, வெளிய வைச்சா எதுவும் காயாது. மச்சானோட ஃபேன்ல ஒன்பதாவது மாசமே பிளக்கு முனை பச்சை புடிச்சிருச்சி. ஃபேன் நிக்கிறப்ப பொகை திரும்பி அதுக்குள்ள ஏறி இறக்கையில கொழுப்பும் கரியுமா ஒட்டுது, கழட்டித் துடைக்கணும். ப்ரோப் வயர் மூடி நசுக்குற எடத்துல ஒருக்கா எரிஞ்சிருச்சி. கன்ட்ரோலர் பெட்டிக்குள்ள பல்லி முட்டை போட்டிருந்துச்சி. ஒவ்வொன்னும் சின்னதுதான், ஆனா உதிரிச் சாமான் இங்க கடையில இல்ல, கொழும்புல இருந்து வர ரெண்டு கிழமை.

கயிறுக்கும் பராமரிப்பு இருக்கு, இல்லன்னு சொல்ல மாட்டேன். கயிறு ஈரத்தைக் குடிச்சி வைச்சிக்கிட்டு அடியில இருக்கிற தகரத்தைத் துருப்பிடிக்க வைக்கும், இதை நான் ஒரு வருசம் கழிச்சித்தான் கண்டேன், கதவோட கீழ் ஓரத்துல விரல் நீளத்துக்கு தகரமே பொடிஞ்சிருந்துச்சி. அதுக்கு முக்கியக் காரணம் சாம்பல். சாம்பல் ஈரத்தை இழுக்கும், ஈரமான சாம்பல் மெல்லிசுத் தகரத்தைத் தின்னுரும். இப்ப சமையல் முடிஞ்சதும் வால்வையும் பொகை வாயையும் இறுக்கி மூடுறேன், நெருப்பு அணைஞ்சி மிச்சக் கரி அப்பிடியே தங்கிரும், அது அடுத்த தடவைக்கு ஆகும், கசியிற பீப்பாவுல காலையில பாத்தா சாம்பல்தான் இருக்கும். மறுநாள் கரியைப் பொறுக்கி, சாம்பலைக் கொட்டி, ஓரத்தைத் துடைச்சி, உள்ள தேங்காய் எண்ணெய் தடவி, கதவை ஒரு விரல் தொறந்தே வைக்கிறேன். பதினஞ்சி நிமிச வேலை. கயிறுல கொழுப்பு ஊறி கல்லா இறுகிப் போனா அந்தத் துண்டை மட்டும் வெட்டிட்டு வேற ஒட்டலாம், இது வரைக்கும் கதவோட கீழ்ப்பக்கம் ஒருக்காதான் மாத்தியிருக்கேன். அஞ்சாறு வருசம் போனா எப்பிடின்னு இனித்தான் பாக்கணும்.

மழைக்குப் பயந்து இதைக் குசினிக்குள்ளயோ அடைச்ச இஸ்தோப்புலயோ (முன் விறாந்தையிலயோ) மட்டும் வைச்சிறாதீங்க. கரி பொகை இல்லாம எரிஞ்சாலும் காபன் மொனொக்சைட் வரும், அதுக்கு வாசனை இல்ல, தூக்கத்துலயே ஆளை முடிச்சிரும். நாலு கம்பு நட்டு நாலு பக்கமும் தொறந்த மாதிரி தகரக் கூரை ஒன்னு போட்டிருக்கேன், ஆள் உயரத்துக்கு ரெண்டு அடி மேல.

மச்சானும் போன மாசம் பீப்பாவைச் சுத்திக் கயிறு ஒட்டிட்டாரு. ஃபேனைக் கழட்டல, ராத்திரிச் சமையலுக்கு வேணும்னு வைச்சிருக்காரு, பகல்ல அந்த வாய்க்கு ஒரு பால் வால்வு.