பழைய பேஸ் கிடார் வாங்கப் போறீங்களா? சீரியல் நம்பரை நம்பி 78,000 ரூபாயை விட்டுடாதீங்க

பழைய சாமான் கைமாத்துற ஆப் ஒன்றில் பார்த்து, வடபழனிப் பக்கம் போய் வாங்கினது. "அமெரிக்கன் ஸ்டாண்டர்ட் பிரிசிஷன் பேஸ், ஒரு திருகு கூட மாத்தல ப்ரோ" என்று ஃபெண்டர் கம்பெனியின் அந்த மாடல் பேரைச் சொல்லித்தான் விற்றவன் 78,000 ரூபாயை வாங்கினான். ஹெட்ஸ்டாக், அதாவது கிடாரின் தலைப்பகுதி, அதன் பின்னால் யுஎஸ்11 என்று தொடங்கும் நம்பர். "நீங்களே ஃபெண்டர் சைட்ல போட்டுப் பாருங்க" என்று அவனே நீட்டினான். போட்டால் 2011, எல்லாம் சரி. மயக்கினது அந்த இடம்தான்.

அந்த நம்பர் நெக்குக்கு, அதாவது விரல் வைத்து வாசிக்கும் நீளக் கழுத்துக்கு, மட்டும்தான் சாட்சி. 1951-ல் பிரிசிஷன் பேஸ் வந்த நாளிலிருந்தே அதன் நெக் திருகில்தான் நிற்கிறது. கழற்றி எந்த பாடியில் வேண்டுமானாலும் மாட்டலாம். இதில் மாட்டியிருக்கிறார்கள்.

பாடியின் மேல் மூடியிருக்கும் பிக்கார்டு தகட்டைத் திறந்ததும் வயிறு எரிந்தது. பெயின்ட் படாத குழிச் சுவரில் அடுக்கடுக்காகக் கோடு, அதாவது ப்ளைவுட். ஒரிஜினலில் ஆல்டர் மாதிரி முழு மரத்துண்டுகளைப் பக்கவாட்டில் ஒட்டியிருப்பார்கள், அடுக்கு தெரியாது. கம்பி அதிர்வைப் பிடிக்கும் பிக்கப்பைத் திருப்பினால் அடியில் கறுப்பாக ஒரு செராமிக் காந்தப் பட்டை. அசலில் பிக்கப்பில் நிற்கும் சின்னக் கம்பங்களே அல்நிகோ என்ற உலோகக் கலவைக் காந்தம், பட்டைக்கு வேலையே இல்லை. வால்யூமைக் கூட்டிக் குறைக்கும் பொட்டென்ஷியோமீட்டரில் பி500கே என்று அச்சு, அதாவது 500 கிலோ ஓம். இருக்க வேண்டியது 250கே. அதன் தண்டு பிளவுபட்டது, மேலே கையால் திருப்பும் நாப் சும்மா அழுத்திச் சொருகியது. அமெரிக்கன் பொட்டென்ஷியோமீட்டருக்கு முழுத் தண்டு, நாபைப் பக்கத்தில் சின்னத் திருகு பிடித்திருக்கும். வயர்களைப் பற்றவைத்த சால்டர் எல்லாம் நேற்று வைத்த மாதிரி பளபளப்பு, சுற்றிலும் பற்றவைக்கப் போடும் ஃப்ளக்ஸ் பிசுக்கு. ஆக, 78,000 ரூபாய்க்குக் கிடைத்தது ஒரு நெக்.

கேட்டதுக்கு, "வாசிச்சுப் பார்த்துட்டுத்தானே ப்ரோ எடுத்தீங்க?" அப்புறம் "ஊர்ல இருக்கேன், வந்து பேசறேன்". அப்புறம் நீல டிக் மட்டும். ஆப்காரர்களோ, வாங்குபவர் விற்பவர் இடையிலான விஷயத்துக்குப் பொறுப்பில்லை என்று ஒரே பதிலை வெட்டி வெட்டி ஒட்டுகிறார்கள். 78,000 ரூபாய், யாருக்கும் பொறுப்பில்லையாம்!

விவரமா எழுதணும்னு உட்கார்ந்தேன், கை நடுங்குது. இதையாவது பாருங்க. ரிச்சி தெருவில் ஒரு மல்டிமீட்டர் வாங்கிக்கிட்டுப் போங்க. கேபிளை பேஸில் சொருகி, வால்யூமை முழுசாத் திறந்து, மறுமுனை பிளக்கின் நுனிக்கும் உடலுக்கும் நடுவே அளங்க. பிரிசிஷன் பிக்கப் சுமார் 10, 11 கிலோ ஓம் காட்டணும். இது 7-தான் காட்டுது. கம்பியை முறுக்கும் டியூனர், பாடியில் கம்பியைத் தாங்கும் பிரிட்ஜ், இதுங்க ஓரத்தில் அடைத்த பழைய திருகு ஓட்டை இருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க. நம்ம ஊர் உப்புக் காத்துல பத்து வருஷம் கிடந்த பேஸில் எல்லாத் திருகும் புதுசா மின்னினா, ஏன் மாத்தினீங்கன்னு கேளுங்க. பிக்கார்டைத் திறக்க விடலன்னா காசை எடுக்காதீங்க, கிளம்பிடுங்க.