புரட்டாசி ஓடைக்கு நிம்ஃபா, டிரை ஃபிளையா?

புரட்டாசியில் நீலகிரியின் அவலாஞ்சிப் பக்கம் டிரவுட் என்ற குளிர்நீர் மீனுக்குத் தூண்டிலில் என்ன கட்டுவது? பூச்சி போலக் கட்டி மிதக்க விடும் டிரை ஃபிளை, நீர்ப்புழு போல மூழ்கும் நிம்ஃப், சுழலும் தகடுள்ள ஸ்பின்னர் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். என் ஓட்டு நிம்ஃபுக்குத்தான்.

காரணம் தண்ணீர். தென்மேற்குப் பருவமழை ஓய்ந்தாலும் ஓடை உடனே இளைத்துவிடாது. சோலையும் புல்வெளியும் பிடித்துவைத்ததைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே இருக்கும். கலங்கல் தெளிந்திருக்கும், இழுப்பு மட்டும் குறையாது. அந்த இழுப்பில் மேலே ஏறிவந்து பூச்சி பிடிக்க டிரவுட் மெனக்கெடாது. எப்போதுமே அதன் சாப்பாட்டில் பெரும்பங்கு அடியில்தான் கிடைக்கிறது. கரையோரம் ஒரு கல்லைப் புரட்டிப் பாருங்கள். மணல் துகள்களை ஒட்டிச் செய்த சின்னக் குழாய்க்குள் கேடிஸ் என்ற நீர்ப்பூச்சியின் புழு ஒண்டியிருக்கும். பார்த்துவிட்டுக் கல்லை இருந்தபடியே வைத்துவிடுங்கள். அந்தப் புழுவின் நிறத்தில், தலையில் பித்தளை மணி கோத்த நிம்ஃபை மடுவுக்குச் சற்று மேலே வீசி, ஓட்டத்தோடு உருள விடுங்கள். தூண்டில் நரம்பு ஒரு நொடி தயங்கினால் கோலைத் தூக்குங்கள். கல்லில் தட்டியதாகவும் இருக்கலாம், ஆனாலும் தூக்குங்கள்.

டிரை ஃபிளையின் அழகே தனி. சேவல் கழுத்து இறகின் நுனிகளில் நின்றபடி மிதந்துவரும். ஆனால் ஓட்டம் நரம்பை இழுத்து, ஃபிளைக்குப் பின்னால் ஒரு கோடு விழுந்துவிட்டால் டிரவுட் சீண்டாது. வெயில் சாய்ந்து, காற்று அடங்கி, மடுவில் மீன் மேலே வரும் வட்டங்கள் தெரிகிற அந்த அரை மணி நேரம் மட்டும் அதற்கு மாறுவேன். போன வருடம் அப்படித்தான் ஒரு சாண் மீன் என் கண்ணெதிரே மெல்ல எழுந்து வாய் திறந்தது. இன்னும் மறக்கவில்லை.

ஸ்பின்னர் அகலமான அணைத் தண்ணீருக்குச் சரி. குறுகிய ஓடையில் அது விழுகிற சத்தத்திலேயே மடு கலைந்துவிடும். மூன்று முள் வேறு, மீனுக்குக் காயம் அதிகம்.

எதைக் கட்டினாலும் அனுமதி வாங்காமல் இறங்காதீர்கள். டிரவுட் இந்த மலைக்கு வெளியிலிருந்து வந்த மீன்; 1907-ல் மீன் வளர்ப்பு நிபுணர் எச்.சி. வில்சன் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் தொடங்கினார். பிரவுன் டிரவுட் இங்கே நிலைக்கவில்லை, ரெயின்போ டிரவுட்தான் ஊன்றியது. குளிர் இறங்கினால் அது முட்டையிடும். எங்கள் வீட்டில் புரட்டாசிக்கு மீன் ஏறாது. அதனால் பிடித்ததைக் காயமில்லாமல் திரும்ப விட, கொக்கியின் எதிர்முள்ளைக் குறடால் நசுக்கிவிட்டே போவேன். கையை நனைத்து, மீனை ஓட்டத்துக்கு எதிராகப் பிடித்திருந்தால், மூச்சு வந்ததும் அதுவே வாலை உதறிக்கொண்டு போய்விடும்.