ஜான் மெக்கார்மக்: ஒரே பாடலின் பழைய தட்டுகளை நெடுநாள் கேட்ட அனுபவம்

அயர்லாந்தின் டெனர் (ஆண்களின் உயர் சுருதிக் குரல்) பாடகர் ஜான் மெக்கார்மக் பாடிய ‘ஐ ஹியர் யூ காலிங் மீ’ பாடலின் பழைய ஒலிப்பதிவுகளைப் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன். சார்லஸ் மார்ஷல் இசையமைத்த இந்தப் பாடலில், இறந்துபோன காதலியின் கல்லறையருகே நிற்கும் ஒருவன், அவள் இன்னும் தன்னை அழைப்பது கேட்கிறது என்கிறான். மெக்கார்மக் இதை 1908-இல் ஓடியன் இசைத்தட்டு நிறுவனத்துக்கும் 1910-இல் அமெரிக்காவின் விக்டர் நிறுவனத்துக்கும் பாடினார். மைக்ரோஃபோன் வந்த பின் 1927-இல் விக்டருக்கே மறுபடியும் பாடினார். 1884-இல் பிறந்தவர் என்பதால், இருபதுகளில் இருந்த குரலையும் நாற்பதைக் கடந்த குரலையும் ஒரே பாடலில் ஒப்பிட்டுக் கேட்க முடிகிறது.

நான் அதிகம் கேட்டது 1910-ஆம் ஆண்டுப் பதிவு. அக்காலத்தில் பாடகர் ஒரு பெரிய கூம்புக் குழாயின் வாய்க்கு நேராக நின்று பாட வேண்டும். மின்சாரத்தின் துணையின்றி, குரலின் அதிர்வே ஊசியை அசைத்து மெழுகில் தடம் கீறும். இம்முறையில் உயர் அதிர்வெண்கள் பதிவதில்லை. அதனால் ‘ஸ்’ ஒலிகள் மங்குகின்றன, பின்னணி வாத்தியக்குழு ஒடுங்கி ஒலிக்கிறது. ஆயினும் டெனர் குரலின் உடற்பகுதி அந்தக் குறுகிய எல்லைக்குள் பெரும்பாலும் அடங்கிவிடுவதால், மிக உயர்ந்த சுருதியில் பாடும் சோப்ரானோ பாடகிகளுக்கு நேர்ந்த அளவு இழப்பு இவருக்கு நேரவில்லை. கடைசி அழைப்பில் அவர் உச்ச சுரத்துக்கு ஏறி, அங்கே குரலை உரக்க விடாமல் ஒடுக்கி, நூலிழையாக நீட்டுகிறார். தட்டின் இரைச்சலையும் மீறி அது தெளிவாகக் கேட்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்பே.

1927-ஆம் ஆண்டுப் பதிவில் வாத்தியக்குழு இல்லை. எட்வின் ஷ்னைடரின் பியானோ மட்டுமே உண்டு. மைக்ரோஃபோனின் பயனால் சொற்களின் முனைகளும் மூச்சு எடுக்கும் இடங்களும் துலங்குகின்றன. உச்ச சுரத்தில் பழைய சுலபம் இல்லை, அதை அவர் எச்சரிக்கையுடன் அணுகுவது தெரிகிறது. ஆனால் கதை சொல்லும் நயத்தில் இதுவே மேலானது; இளையவர் அழகாகப் பாடுகிறார், மூத்தவர் நம்மிடம் சொல்கிறார். அப்படியிருந்தும் நான் திரும்பத் திரும்பப் போவது 1910-க்குத்தான்.

நெடுநாள் கேட்பவருக்குப் பதிவைவிட மறுபதிப்பே பெரிய சிக்கல். இரைச்சலை முற்றிலும் அகற்றிய டிஜிட்டல் பதிப்புகள் முதலில் இதமாகத் தோன்றின. சில வாரங்களில் சலித்துவிட்டன. இரைச்சலோடு சேர்ந்து குரலின் ஓரங்களும் தேய்ந்து, மெல்லிய இறுதி சுரம் இடையில் அறுந்ததுபோல் ஒலித்தது. சற்றே இரைச்சலை விட்டுவைத்த பதிப்புகளே நீடித்து நின்றன. அடுத்தது வேகம். ‘78 சுற்று’ (தட்டு நிமிடத்துக்கு 78 முறை சுழல்வது) என்ற பெயர் பிற்காலத்து ஒழுங்கு. அக்காலத் தட்டுகள் எல்லாம் அந்த வேகத்தில் பதிவானவை அல்ல. 74 சுற்றில் பதிவான தட்டை 78-இல் ஓட்டினால் சுருதி ஏறத்தாழ அரைச் சுரம் கூடி, குரல் மெலிந்து, கமகம்போன்ற இயல்பான அசைவு நடுக்கமாக மாறிவிடும். மெக்கார்மக்கின் குரல் ஆடு கத்துவது போலிருக்கிறது என்று ஒருவர் சொன்னால், முதலில் அவர் கேட்ட பதிப்பின் வேகத்தையே சந்தேகிக்கிறேன்.

இயர்ஃபோனில் கேட்டால் இரைச்சல் தலைக்குள்ளேயே குடியேறிவிடுகிறது. இவை எல்லாமே ஒற்றைத் தட ஒலி என்பதால் ஒரே ஒலிபெருக்கியைச் சற்றுத் தொலைவில் வைத்து, உயர் அதிர்வெண் ஒலியைச் சிறிது குறைத்துக் கேட்பது போதுமானது.

அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2011-இல் தொடங்கிய ‘நேஷனல் ஜூக்பாக்ஸ்’ தொகுப்பில் விக்டரின் பழைய பதிவுகளை இலவசமாகக் கேட்கலாம். 1923-க்கு முன் வெளியான ஒலிப்பதிவுகள் 2022 ஜனவரி 1 முதல் அந்நாட்டில் பொதுவுடைமையாகிவிட்டதால் பதிவிறக்கத்துக்கும் தடையில்லை. மலிவான தொகுப்பு ஆல்பங்களில் மட்டும் ஆண்டைக் குறிப்பிடாமல் விட்டுவிடுகிறார்கள். 1910-ஐயும் 1927-ஐயும் பிரித்தறிய, பின்னணியில் வாத்தியக்குழு இருக்கிறதா, தனிப் பியானோவா என்று கவனித்தால் முதல் சில நொடிகளிலேயே தெரிந்துவிடும்.